புரோ நோட்டும் சிலுவையும்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஐந்து நாள்

முதல் நாள்: புதன், 16.04.2025, தருமபுரி

திருச்சியில் காலை ஆறு மணிக்கு ஏறிய பேருந்து சேலத்தில் வெகுநேரம் முடங்கிக் கிடந்துவிட்டு, தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தபோது, சட்டைப்பையை மூன்றாவது முறையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நான்காக மடித்த புரோ நோட்டு ஒன்று அதில் இருக்கிறது. காவேரிப்பட்டினத்து மாந்தோப்புக்காரர் ஒருவர், 1998ஆம் ஆண்டு, என் தந்தையிடம் 20,000 ரூபாய் கடன் பெற்றதற்காக எழுதிக் கொடுத்தது. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்காக அவர் போட்ட கையெழுத்தில் கடைசி எழுத்து மட்டும் ஸ்டாம்பைத் தாண்டி வெறும் தாளில் விழுந்து, மை ஊறிப் பரந்து, நசுங்கிய எறும்பு போலத் தெரிகிறது. அவரை நாங்கள் மாமா என்றுதான் அழைப்போம். கடன் ஆழ்துளைக் கிணறு போடுவதற்கு வாங்கப்பட்டது. கிணற்றில் தண்ணீர் வரவில்லை. கொடுத்த பணமும் வரவில்லை. அது என்னைப் பொறியியல் படிக்க வைப்பதற்காக அப்பா பள்ளி ஆசிரியர் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம். நான் பி.காம். படித்தேன், இன்றுவரை பிறர் கணக்கை எழுதிப் பிழைக்கிறேன்.

2007இல் அப்பா இறந்த பிறகு அவருடைய வேதாகமத்துக்குள் இந்தத் தாள் அகப்பட்டது. நோட்டு எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வசூலிக்கவோ, பகுதித் தொகை வரவு வைத்துப் புதுப்பிக்கவோ தவறினால் வழக்குப் போட முடியாது என்பது என் தொழிலில் பால பாடம். சட்டப்படி செத்துப் போன அந்தத் தாளை நான் பதினெட்டு ஆண்டுகளாக மனத்துக்குள் உயிரோடு வைத்திருந்தேன். ஈஸ்டருக்கு முந்திய இந்தப் பரிசுத்த வாரத்தில் அதை எழுதிக் கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வரலாம் என்று புறப்பட்டிருக்கிறேன். அதற்கு முன்னால், சிலுவையில் ஒருவர் இறந்ததற்கும் எங்கோ ஒருவனுடைய குற்றம் மன்னிக்கப்படுவதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியை, சிறு வயதில் மனப்பாடம் செய்த விடையைத் தள்ளி வைத்துவிட்டு, ஒருமுறை ஒழுங்காக யோசிக்க வேண்டும் என்று தோன்றியது. ஆகையால் நேரே காவேரிப்பட்டினம் போகாமல் தருமபுரியில் இறங்கிவிட்டேன்.

பிற்பகலில் நடுகற்கள் இருக்கும் அகழ்வைப்பகத்துக்குப் போனேன். தகடூர் என்று பழைய பெயர் கொண்ட இந்த நாட்டில் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை. இந்த ஊரை ஆண்ட அதியமானுக்கே நடுகல் நட்டு, மயிற்பீலி சூட்டி, கள் படைத்ததை ஔவை பாடியிருக்கிறாள். ஒரு கல்லின் முன் வெகுநேரம் நின்றேன். வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளுமாகப் பாய்கிற நிலையில் இருக்கிறான். உடம்பில் அம்பு தைத்திருக்கிறது. காலடியில் கெண்டியும் சிமிழும் செதுக்கியிருக்கிறார்கள். இத்தகைய கற்களில் வட்டெழுத்தில் பொறித்திருக்கும் செய்தி பெரும்பாலும் ஒன்றுதான்: இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்னான் தொறு மீட்டுப் பட்டான். தொறு என்றால் ஆநிரை. ஊர் மாடுகளை மீட்கப் போய் உயிரை விட்டவனை ஊர் மறக்கவில்லை.

வேதாகமத்தில், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், அப்போஸ்தலர் பவுல் இந்தக் கல்லைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர் போலப் பேசுகிறார்: "நீதிமானுக்காக ஒருவன் மரிக்கிறது அரிது, நல்லவனுக்காக ஒருவேளை ஒருவன் மரிக்கத் துணிவான்." தன் ஊருக்காக, தன் மக்களுக்காகச் சாகிறவர்கள் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அடுத்த வசனத்தில்தான் திருப்பம் வருகிறது: "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்." மாடு மீட்கப் போனவன் மாடு திருடியவனுக்காகச் சாகவில்லை. கிறிஸ்தவம் சொல்வது திருடியவனுக்காகச் செத்த ஒருவரைப் பற்றி. அதோடு, அவர் செத்த விதமும் கல் நடத் தகுந்த விதமன்று. சிலுவை என்பது ரோமர்கள் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ஒதுக்கி வைத்திருந்த தண்டனை. ரோமக் குடியுரிமை உள்ளவனுக்குப் பொதுவாக அது விதிக்கப்படுவதில்லை. யூதர்களின் நியாயப்பிரமாணமோ மரத்தில் தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்றது. யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று பவுல் எழுதியது அலங்காரமாக எழுதியதன்று. அந்தக் காலத்துத் தெருவில் அவர் காதில் விழுந்ததையே எழுதியிருக்கிறார்.

இரவு களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டேன். திருச்சியில் இருபது ஆண்டு இருந்தும் நாக்கு ஊரை விடவில்லை.

இரண்டாம் நாள்: வியாழன், 17.04.2025, தருமபுரி

நான் லுத்தரன் சபையில் வளர்ந்தவன். இருந்தாலும் இன்று மாலை திரு இருதய ஆண்டவர் பேராலயத்துக்குப் போனேன். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களையும் சேர்த்து, சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997இல் பிரித்து உண்டாக்கிய தருமபுரி மறைமாவட்டத்தின் தலைமைக் கோவில் இது. பெரிய வியாழன் ஆகையால், கடைசி இராப்பந்தியில் இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூரும் பாதம் கழுவும் சடங்கு இருந்தது. பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். நான்காவதாக உட்கார்ந்திருந்த பெரியவரின் குதிகால் வெடிப்புகளில் செம்மண் ஏறி நிரந்தரமாகத் தங்கியிருந்தது. குருவானவர் தண்ணீர் ஊற்றித் துடைத்தபோது துண்டில்தான் கறை பட்டதே தவிர வெடிப்பில் மண் போகவில்லை. பெரியவர் கூச்சத்தில் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தார்.

யோவான் சுவிசேஷத்தின்படி அன்று இரவு காட்டிக்கொடுக்கப் போகிறவனும் பந்தியில் இருந்தான். அவன் எழுந்து இருட்டுக்குள் போவதற்கு முன்பே கால்கள் கழுவப்பட்டுவிட்டன. அதே பந்தியில்தான், மத்தேயு சொல்கிறபடி, இயேசு பாத்திரத்தை எடுத்து, இது "பாவமன்னிப்புண்டாகும்படி அநேகருக்காகச் சிந்தப்படுகிற" இரத்தம் என்றார். மறுநாள் நடக்கப் போவது என்ன என்பதற்கு அவர் வாயிலிருந்தே வந்த விளக்கங்களில் மன்னிப்பு என்ற சொல் நேரடியாக வருகிற இடம் இது. சிலுவை ஒரு விபத்து, அதற்குப் பிற்காலத்தார் பொருள் கற்பித்தார்கள் என்று சொல்கிறவர்களுக்குத் திருச்சபை காட்டுகிற பதில் இந்தப் பந்திதான்.

இரத்தம் என்ற சொல் இன்று நம்மை நெளிய வைக்கும். ஆனால் அந்தப் பந்தியில் இருந்தவர்களுக்கு அது பழகிய மொழி. லேவியராகமத்தின் பதினாறாம் அதிகாரத்தில் பாவ நிவாரண நாளுக்கு இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் வேண்டும் என்று இருக்கிறது. ஒன்று பலியாகும். மற்றொன்றின் தலையில் ஆசாரியன் கைகளை வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களை அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்த இரண்டாவது ஆட்டைப் போக்காடு என்கிறது. எவ்வளவு அழகான சொல்! போகிற ஆடு, ஊரின் குற்றத்தையும் கொண்டு போகிற ஆடு. புதிய ஏற்பாட்டில் மன்னிப்பு என்று மொழிபெயர்க்கப்படும் அபெசிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அடிப்படைப் பொருள் போகவிடுதல், விடுவித்தல் என்பதே. கைதியை விடுவிப்பதற்கும் கடனை விட்டுக்கொடுப்பதற்கும் அதே சொல்.

கடன் என்றதும் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. விடுதிக்குத் திரும்பி, மத்தேயுவின் பதினெட்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன், கெஞ்சி, முழுக் கடனும் தள்ளுபடியாகி வெளியே வந்தவுடன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன் ஊழியனின் தொண்டையைப் பிடிக்கிற கதை. ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஆகப் பதினாயிரம் தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும் அடைக்க 2 லட்சம் ஆண்டு ஆகும். மறுபக்கம் வெறும் நூறு நாள் கூலி. இரண்டுக்கும் உள்ள விகிதம் ஆறு லட்சத்துக்கு ஒன்று. கதையைக் கேட்டவர்கள் அந்தத் தொகையைக் கேட்டே சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எந்த ராஜா ஓர் ஊழியனுக்கு அவ்வளவு கொடுப்பான்?

நூறு வெள்ளிப்பணம் சிறு தொகையன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு மேலான கூலி. நமக்கு இழைக்கப்பட்ட தீங்கு ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை. பிரசங்கங்களில் இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

மூன்றாம் நாள்: வெள்ளி, 18.04.2025, தருமபுரி

காலையில் சிலுவைப்பாதை. இயேசு சிலுவை சுமந்து போன வழியை நினைத்து நடக்கிற பதினான்கு நிலைகள். ஏப்ரல் வெயிலில் தார் இளகத் தொடங்கியிருக்க, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பெண்கள் நடந்தார்கள். ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டு, "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்று அவர்கள் இழுத்துப் பாடுவதில் ஒப்பாரியின் சாயல் இருக்கிறது. எங்கள் சபையில் இது இல்லாதது ஒரு குறைதான் என்று மனத்துக்குள் ஒப்புக்கொண்டேன். ஆணிகளால் அறையப்படும் பதினோராம் நிலையில் தியானத்தை வாசித்தவன் ஒரு பள்ளிச் சிறுவன். மைக் கரகரத்து நின்றுவிட்டது. அவன் நிறுத்தாமல், மைக் இல்லாமலே, தொண்டை கம்மக் கம்ம முடித்தான்.

மூன்று மணி வழிபாடு வரைக்கும் பேராலயத்தின் நிழலிலேயே இருந்தேன். முதல் நாளில் வைத்துக்கொண்ட கேள்வியை இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. கடவுள் இரக்கமுள்ளவர் என்றால், போகட்டும், மன்னித்தேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? இடையில் ஒரு சிலுவை எதற்கு? என் மகள் பத்தாம் வகுப்பில் கேட்ட கேள்வி இது. அன்றைக்கு நான் "இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது" என்ற எபிரெயர் நிருப வசனத்தைச் சொல்லி அவள் வாயை அடைத்தேன். அது பதிலன்று, அவள் கேட்டதே அந்த வசனம் ஏன் என்பதைத்தான்.

திருச்சபை இதற்கு ஒரே விடையைச் சட்டமாக்கவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டார் என்பதும் பாவமன்னிப்பை விசுவாசிக்கிறோம் என்பதும் கிறிஸ்தவர்கள் ஓதுகிற விசுவாசப் பிரமாணத்தில் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை எவ்வாறு உண்டாக்குகிறது என்பதை ஆயர்கள் கூடிய எந்தப் பொதுச் சங்கமும் வரையறுக்கவில்லை. ஆதி நூற்றாண்டுகளில் பலர் மீட்கும்பொருள் என்ற உருவகத்தைப் பிடித்துக்கொண்டு, அடிமைச் சந்தையில் விலை கொடுத்து மீட்டதாக விளக்கினார்கள். விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்டதும் அந்த உருவகம் தடுமாறியது. பிசாசுக்கா என்று கேட்டு, நான்காம் நூற்றாண்டு ஆயரான நசியான்சுவின் கிரகோரி முகம் சுளித்தார். பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் கேண்டர்பரியின் பேராயராக இருந்த ஆன்செல்ம், மனிதன் கடவுளுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தவில்லை, செலுத்தவும் அவனால் ஆகாது, செலுத்தக் கூடியவர் கடவுள் ஒருவரே, ஆனால் செலுத்தக் கடமைப்பட்டவன் மனிதன், ஆகையால் கடவுளும் மனிதனுமான ஒருவரே அந்தக் கணக்கை நேர் செய்ய முடியும் என்று வாதித்தார். கணக்கனாகிய எனக்கு இந்த வாதத்தின் நேர்த்தி பிடிக்கும். அடுத்த தலைமுறையில் பிரான்சின் இறையியலாளர் அபெலார்ட், கடனைப் பற்றிய பேச்சைக் குறைத்து, சிலுவையில் வெளிப்பட்ட அன்பு நம்முள் அன்பைக் கிளப்பி நம்மைத் திருப்புகிறது என்பதை அழுத்தினார். எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1520இல் எழுதும்போது கல்யாண வீட்டுக்குப் போய்விடுகிறார்: மணமகன் மணமகளின் கடனையெல்லாம் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டு, தன் சொத்தையெல்லாம் அவளுடையதாக்குகிறான். பெண் வீட்டாரே கடன்படுகிற நம் ஊர் நிலவரத்தில் இதைப் பிரசங்கிக்க ஒரு தைரியம் வேண்டும்.

இவற்றில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வேதசாஸ்திரி அல்லன். ஆனால் புரோ நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போது ஒன்று தெரிகிறது. கடனைத் தள்ளுபடி செய்வதால் கடன் காற்றில் கரைந்து விடுவதில்லை. வாங்கியவன் தலையிலிருந்து இறங்கிய 20,000 ரூபாய், கொடுத்தவன் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. தள்ளுபடிக் கணக்கை எழுதுகிற எவனுக்கும் இது தெரியும்: ஒருவன் ஏட்டில் நிற்கும் பாக்கியை அடிக்கும் அதே நேரத்தில் மற்றவன் ஏட்டில் அதை நட்டமாக எழுதியாக வேண்டும்; இல்லாவிட்டால் ஐந்தொகை பொருந்தாது. பணத்துக்கே இப்படி என்றால், துரோகத்துக்கும் அவமானத்துக்கும் கொலைக்கும் எப்படி இருக்கும்? வெறுமனே மன்னித்தேன் என்று சொல்லும் மன்னிப்பு என்று ஒன்று உலகத்தில் இல்லை. மன்னிக்கிறவன் நட்டத்தைத் தானே சுமக்கிறான், அல்லது மன்னிக்கவில்லை. கடவுள் மன்னிக்கிறார் என்றால் அந்த நட்டம் கடவுளின் ஏட்டில் ஏற வேண்டும். அது ஏறிய நாளும் இடமும்தான், இயேசு சிலுவையில் அறையப்பட்ட கல்வாரி என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள் என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இங்கே ஒரு பிழையான சித்திரத்தைக் கிழித்துப் போட வேண்டியிருக்கிறது. கோபக்காரத் தகப்பன் ஒருவர் யாரையாவது அடித்தே தீருவேன் என்று நிற்க, குற்றமற்ற மகன் குறுக்கே வந்து அடியை வாங்கிக்கொண்டான் என்பதுபோல ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொன்னார்கள். பவுல் அப்படிச் சொல்லவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், தேவன் உலகத்தாருடைய "பாவங்களை எண்ணாமல், கிறிஸ்துவுக்குள் அவர்களைத் தமக்கு ஒப்புரவாக்கி" என்கிறார். மூன்றாவது ஆள் ஒருவரை நடுவில் பிடித்து அடிக்கவில்லை. கடன் கொடுத்தவரே கிறிஸ்துவுக்குள் இருந்தார். எண்ணாமல் என்பதற்கு மூலத்தில் உள்ள வினை கணக்கில் பற்று எழுதுவதற்கு வழங்கிய வினை. கொலோசெயருக்கு எழுதியதில் இன்னும் வெளிப்படை: நமக்கு எதிராக இருந்த "கையெழுத்தைக் குலைத்து", "சிலுவையின்மேல் ஆணியடித்து" என்று வருகிறது. அந்தக் கையெழுத்து, கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் பத்திரம். நம் ஊர்ப் புரோ நோட்டேதான்.

மூன்று மணிக்கு, இயேசு பட்ட பாடுகளின் வரலாற்றை யோவான் சுவிசேஷத்திலிருந்து வாசித்தார்கள். மற்றச் சுவிசேஷங்களில் வரும் சிலுவை மொழிகள் பிறகு மறையுரையில் வந்தன. "தந்தையே, இவர்களை மன்னியும்." லூக்காவில் மட்டும் உள்ள இந்த வாக்கியம் பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் காணப்படவில்லை, இயேசுவை வதைத்தவர்களுக்கு இவ்வளவு பெரிய சலுகையா என்று பிரதி எடுத்தவர்கள் சிலர் விட்டுவிட்டிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. அப்படியானால் அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஏனென்றால் இந்த வாக்கியத்தை ஆணி அடிக்கப்பட்டவர் சொன்னார். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சொல்லவில்லை. இந்த மாவட்டத்திலேயே, 2012 நவம்பர் 7ஆம் தேதி, நாயக்கன்கொட்டாய் பக்கத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. பீரோவும் சான்றிதழும் சாம்பலான வீட்டின் முன் நின்று, மன்னித்துவிடுங்கள், மறந்துவிடுங்கள் என்று உபதேசிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? சிலுவையைக் காட்டி அடிபட்டவனிடம் மன்னிப்பை வசூலிப்பது, நூறு வெள்ளிப்பணத்துக்காகத் தொண்டையைப் பிடித்தவன் செய்ததைவிட மோசமானது. மேலும் வரி வசூலிப்பவனான சகேயுவுக்கு இயேசு மன்னிப்பைக் கொண்டுவந்த அன்று, அவன் தான் அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னான்; அதெல்லாம் வேண்டாம் என்று இயேசு தடுக்கவில்லை.

வழிபாடு முடிந்து எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினார்கள். உப்பு சற்றுக் கூடுதல்.

நான்காம் நாள்: சனி, 19.04.2025, காவேரிப்பட்டினம்

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிச் சாலையில் காவேரிப்பட்டினத்தில் இறங்கி, நிப்பட்டு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, தென்பெண்ணைப் பக்கம் நடந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். கணக்கெழுதுகிறவனுக்கு நட்டத்தை யார் சுமப்பது என்பது விளங்கிவிட்டது, சுமக்கத் தயாராகிவிட்டேன், உண்மையைச் சொன்னால் அதில் ஒரு பெருமிதமும் இருந்தது.

மாமாவுக்கு எண்பதை நெருங்கிய வயது. ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. நெற்றியில் திருநீறு. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், குரலை வைத்தே, "வாத்தியார் மவனா? வா தம்பி, உக்காரு" என்றார். அத்தை மோர் கொண்டுவந்தார். நான் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொல்லி, நோட்டை நீட்டினேன். அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஸ்டாம்பைத் தாண்டிய எழுத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினார்.

"என் கையெழுத்துதான். வட்டி வேணாம், வருசத்துக்கு ஒரு கூடை செந்தூரா போதும்னு வாத்தியார் சொன்னாரு. ஒன்பது வருசம் கொண்டாந்து கொடுத்தேன். நீ தின்னலையா?"

தின்றேன். ஒவ்வொரு மே மாதமும் கட்டிலுக்கடியில் வைக்கோல் பரப்பி அந்தக் கூடை இருக்கும்; வீடு முழுக்க மணக்கும். அப்பாவின் நண்பர் அன்பாகக் கொடுத்தது என்று நினைத்தோ, கொடுக்காத கடனுக்கு மாம்பழத்தைக் காட்டி ஏமாற்றுகிறார் என்று கறுவிக்கொண்டோ, ஆண்டுக்கு ஒரு மனநிலையில் தின்றிருக்கிறேன்.

"உங்கப்பா சாவுக்கு வந்தேன். மடியில 8,000 ரூபா கட்டிக்கிட்டு வந்தேன், தோப்பைக் குத்தகைக்கு விட்ட காசு. உன் கையில கொடுக்கலாம்னு பக்கத்துல வந்தா நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டே. கல்லறைத் தோட்டம் வரைக்கும் பின்னாலயே வந்தேன். அங்கயும் பாக்கல. அப்புறம் எப்படிக் கொடுக்கறது?"

எனக்கு நினைவிருந்தது. அவர் மடியில் என்ன இருந்தது என்பது தெரியாதே ஒழிய, முகத்தைத் திருப்பியது நன்றாக நினைவிருந்தது. அதைப் பல ஆண்டுகள் என் தன்மானத்துக்குச் சான்றாக மனைவியிடம் சொல்லியும் இருக்கிறேன். பதினாயிரம் தாலந்துக் கதையில் நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தருமபுரியிலிருந்து வந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. என்னை மன்னித்துவிடுங்கள் மாமா என்று சொன்னபோது ஒத்திகை எதுவும் கைகொடுக்கவில்லை. குரல் எங்கோ போய்விட்டது.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அது கெடக்கட்டும். நீ மன்னிச்சேன்னு சொன்னா எனக்குத் தூக்கம் வராது தம்பி. அன்னைக்குக் கொண்டாந்த எட்டாயிரத்தை இன்னைக்கு வாங்கிக்கோ. வரவு எழுது. மிச்சத்தை வேணும்னா உங்கப்பன் பேரைச் சொல்லி விட்டுக்கொடு. அதை வாங்கிக்கறேன்."

பேத்தியை அழைத்துப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பதினாறு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். அந்தப் பணத்தைக் கையில் வாங்குவது, 20,000 ரூபாயை விட்டுக்கொடுப்பதாக முடிவு செய்ததைக் காட்டிலும் எனக்குக் கடினமாக இருந்தது. வாங்காமல் விட்டிருந்தால் நான் மறுபடியும் கொடுப்பவனாகவே எழுந்து போயிருப்பேன். வாங்கினேன். நோட்டைத் திருப்பி, முதுகில் எழுதினேன்: வரவு ரூ. 8,000. மீதி தள்ளுபடி. கணக்குப் பைசல். அவர் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியதால் இந்த முறை எல்லா எழுத்துகளும் கோட்டைத் தாண்டின. நானும் போட்டேன்.

பிறகு எழுந்து, சுவரைப் பிடித்தபடி உள்ளே போய், கரண்டு பில்லும் உர ரசீதும் குத்தி வைத்திருந்த கம்பியைத் தடவிக் கண்டுபிடித்து, அதன் நுனியில் நோட்டை வைத்து அழுத்தினார். தாள் நடுவில் துளைபட்டுக் கீழே இறங்கி, மற்ற ரசீதுகளின் மேல் உட்கார்ந்தது.

ஐந்தாம் நாள்: ஞாயிறு, 20.04.2025, கிருஷ்ணகிரி

விடியற்கால ஆராதனைக்கு எங்கள் பழைய சபைக்குப் போனேன். அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சங்கம் இந்தியாவில் 1895ஆம் ஆண்டு முதன்முதலாகக் கால் வைத்த ஊர் இந்தக் கிருஷ்ணகிரிதான். முதலில் வந்த மிஷனரிகளுள் ஒருவரான நேத்தர் 1904இல் பிளேக் நோய்க்கு இங்கேயே பலியானார் என்று அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். "பொன்னினாலும் வெள்ளியினாலும் அல்ல" என்று தொடங்கி, இரத்தத்தினால் மீட்கப்பட்டதைச் சொல்லும் ஞானோபதேசப் பகுதியை இந்தச் சபையின் பெஞ்சில்தான் ஒப்பித்தேன்.

இன்றைய வாசிப்பில் ஓர் இடம் பிடித்து நிறுத்தியது. உயிர்த்தெழுந்தவர் பூட்டிய அறைக்குள் வந்து, சமாதானம் சொல்லி, தம் கைகளையும் விலாவையும் காண்பிக்கிறார். அங்கே இருந்தவர்கள் அவரை விட்டு ஓடிப் போனவர்கள். அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை. ஆணித் தழும்புகளை மறைக்கவும் இல்லை.

கர்த்தருடைய ஜெபத்தில் கத்தோலிக்கர்கள் குற்றங்கள் என்று சொல்லும் இடத்தில் நாங்கள் கடன்கள் என்று சொல்வோம். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் எனக்கு வாய் நின்றுவிட்டது. சபையார் முன்னே போய்விட்டார்கள்; சோதனைக்குட்படப்பண்ணாமல் என்ற இடத்தில்தான் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

பேருந்து நிலையத்திலிருந்து அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த எட்டாயிரத்துல எனக்குப் பாதி, அனுப்பிடு" என்றாள். சரி என்றேன். வைப்பதற்கு முன், கிணற்றடியில் இருந்த செந்தூரா மரம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். மாமா ஊறுகாய்க்கென்று கொடுத்தனுப்பிய கிளிமூக்கு மாங்காய் ஒரு பை நிறைய என் காலடியில் இருக்கிறது. மரத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.